தகடு அடித்த கல்

பீரோ சாவியில் ஒரு தகடு தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு நாளாக மஞ்சுளா அந்த வீட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினோரு நாளும் அந்தச் சாவி கண்ணெதிரே ஆணியில்தான் தொங்கியது. பார்க்கவில்லை. கண் அங்கே இருந்தால்தானே பார்க்க! காதில் சீழ் வைத்து, "இன்னும் ரெண்டு வாரம் தலையே நனையக் கூடாது, கடல் பக்கம் போகவே கூடாது" என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் அடித்துச் சொல்லிவிட்ட நாளிலிருந்து அவள் உடம்பு மட்டும்தான் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தது. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். காலண்டரைப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி காலண்டரைப் பார்த்தாள். அக்டோபர் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. முந்தின தடவை பார்த்தபோதும் அதுதான்.

"ஒரு எடத்துல குந்தேன்டி. உன்னைப் பாத்துகினே கீறதுல எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா அம்சவல்லி. "போயி பீரோவைத் தொறந்து அந்தப் பச்சைப் பொடவைய எடுத்துகினு வா. வல்லக்கோட்டைக்குப் போயி உன் காதுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வரேன்."

சாவியைக் கையில் எடுத்தபோதுதான் தகடு விரலில் பட்டது. கட்டைவிரல் அகல அலுமினியத் தகடு. ஒரு மூலையில் ஓட்டை. நடுவில் ஆணி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய எண்: 17. ஏழின் நடுவே குறுக்காக ஒரு கோடு, அதுவும் புள்ளிகளாலேயே.

ஏழுக்கு அப்படிக் குறுக்குக் கோடு போடுகிற ஆள் ராமநாதபுரம் கடற்கரையில் ஒருத்திதான், மஞ்சுளா. தன் கையாலேயே, விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து, விரலெல்லாம் கன்றிப்போக எழுபத்தைந்து தகடு குத்தியவள். பதினேழாம் தகடு இப்போது கருவேலந்தீவை ஒட்டி, கழுத்தளவுத் தண்ணீருக்கு அடியில், ஒரு பவளப்பாறையின் ஓரத்தில் ஆணியோடு இருக்க வேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் பீரோ சாவியில் அதற்கு என்ன வேலை?

"யம்மா! இது ஏது?"

"எது? அதுவா? உங்க நைனா கொண்டாந்தாரு. சூளைக்கு வர்ற கல்லுல மாட்டிகினு வருதாம். சாவிக்கு நல்லாக் கீதேன்னு நான்தான் கோத்தேன். ஏன்டி, இன்னா ஆச்சு?"

மஞ்சுளா பச்சைப் புடவையை எடுக்கவில்லை, சாவியோடு வெளியே நடந்தாள். செருப்பு மாட்டினாளா இல்லையா என்று தெருமுனையில் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மஞ்சுளா பவளப்பாறை படிப்பவள். அதை வெறும் பாறை என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அது பிராணி. கடுகளவுப் பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொள்கிற வீடு. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அவற்றுக்கு நிறம் போய்விடும், சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து நிற்கும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று போய்விடுவார்கள். செத்துத்தான் போகிறதா, எழுந்து உட்காருகிறதா, உட்கார்ந்தால் எத்தனை நாளில், எது முந்துகிறது, எது பிந்துகிறது? இதுதான் அவள் கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு மூன்று வருஷம்.

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வள்ளத்தில் ஒரு மணி நேரம் போனால் கருவேலந்தீவு. அதையும் தாண்டினால் நெட்டைத்தீவு. எண்பத்தொன்பது கோடையில் இரண்டு தீவைச் சுற்றியும் பாறைகள் வெளுத்தபோது, வள்ளக்காரன் சாம்சனைக் கூட்டிக்கொண்டு போய் எழுபத்தைந்து பாறைகளைப் பொறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றின் செத்த ஓரமாகப் பார்த்து ஓர் ஆணி, ஆணியில் ஒரு தகடு. உயிருள்ள இடத்தில் ஆணி படக் கூடாது. தண்ணீருக்கு அடியில் சுத்தியல் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் ஓங்குகிற வேகம் வேறு, அது போய் இறங்குகிற வேகம் வேறு. கருவேலந்தீவில் ஒன்று முதல் நாற்பது. நெட்டைத்தீவில் நாற்பத்தொன்று முதல் எழுபத்தைந்து. வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், முகமூடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு பழுப்பு, எவ்வளவு பாசி என்று அளந்து பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். இரண்டு கணக்கு முடிந்துவிட்டது. மூன்றாவது, இந்த மாதம். அது முடிந்தால் டாக்டர் மஞ்சுளா. முடியாவிட்டால் இருபத்தேழு வயதில் நாலு நோட்டுப் புத்தகமும் ஒரு ஓட்டைக் காதும்தான் மிச்சம். தகடு இல்லாமல் அந்தப் பாறைகளில் எது எது என்று அவளுக்கே தெரியாது. பக்கத்துப் பக்கத்தில், ஒன்றைப் போலவே ஒன்று, நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

போன மாதம் நெட்டைத்தீவை ஒரு சுற்றுப் பார்த்தாள். முப்பத்தைந்தும் நலம். அளவெடுப்பதற்குள் காது இழுத்துக்கொண்டுவிட்டது. கருவேலந்தீவுக்குப் போகவே இல்லை.

ஒரகடம் பஸ் கால் மணி நேரத்தில் வந்தது. அவளுக்கு அது கால் நாள். வல்லக்கோட்டைக்குப் போகிற கூட்டம் அப்பியிருந்தது. உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், "ஸ்ரீபெரும்புதூர் எந்தப் பக்கம்மா? அந்த எடம் இங்கேர்ந்து தூரமா?" என்று ஆரம்பித்தார். மே மாதம் குண்டு வெடித்ததற்கு அப்புறம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாருமில்லை. கையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வெளியே வயல்களில் ஆங்காங்கே சிவப்புப் பெயின்ட் அடித்த அளவுக்கல் நட்டிருந்தது. யார் வந்து நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கல் விழுந்துவிட்டால் அந்த நிலம் கைமாறப் போகிறது என்று மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும்.

ஒரகடத்தில் இறங்கி உள்ளே ஒரு மைல். சுண்ணாம்புக் கம்பெனி என்று சொன்னால் போதும், பேர்ப்பலகை தேவையில்லை. சுற்றியிருந்த வேலிகாத்தான் செடியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். மூன்று உயரமான சூளைகள், ஒரு களம், ஒரு ஓட்டு ஆபீஸ். இங்கே வேகிற சுண்ணாம்பு பல்பொடிக்கும் மாத்திரைக்கும் போகிறது. அவள் அப்பா தணிகாசலம் இங்கே இருபத்திரண்டு வருஷமாகச் சூளை மேஸ்திரி. இந்தச் சூளைச் சம்பளத்தில்தான் அவள் படித்தாள். சூளைக்கு எங்கிருந்து கல் வருகிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. சின்ன வயதில் அரியலூர்க் கல் என்று காதில் விழுந்தது, அதோடு சரி. தன் பெண் கடலில் என்ன படிக்கிறாள் என்று அவரும் கேட்டதில்லை. ஆளுக்கொரு மூலையில் ஒரே கல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள்.

களத்தில் ஒரு லாரி நின்றது. மேலே பாதி உப்பு மூட்டை. மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அடியிலிருந்து கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் புருவமெல்லாம் சுண்ணாம்போடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா இவ்ளோ தூரம்? காது நோவுதா?"

"நைனா, இந்தத் தகடு எந்தக் கல்லுல வந்துது?"

"அதுவா? கடல்கல்லுல. நாலு மாசமா அரியலூருக் கல்லு நிறுத்திட்டாங்க. இதுதான் சுத்த வெள்ளையாக் கீதுன்னு மொதலாளி சொல்றாரு. ஆணி அடிச்சு இந்தத் தகட்ட மாட்டிகினே வருது. இரும்பு உள்ள போச்சுன்னா சுண்ணாம்புல செவப்புக் கறை ஏறிடும். அதனால ஒண்ணு வுடாம நான்தான் புடுங்கறேன்." பெருமையாக, சூளை ஓரத்து மாடத்திலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினார். "பாரு, இவ்ளோ கீது. தூக்கிப் போட மனசு வர்ல."

டப்பாவைத் தரையில் கவிழ்த்து, எண் இல்லாத வெறும் தகரங்களை ஒதுக்கிவிட்டு, குந்தி உட்கார்ந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்பது, பதினாலு, இருபத்திரண்டு. முப்பத்தொன்று வந்தது. சாவியில் இருக்கிற பதினேழையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. முதல் முப்பத்திரண்டு எண்கள், ஒன்று குறையாமல்.

மிச்சம் எட்டு லாரிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தன. முப்பத்து மூன்று. முப்பத்து நாலு. ஒவ்வொன்றும் குடம் அளவு. முப்பத்தாறைப் புரட்டி அதன் முதுகைத் தடவினாள். மற்ற எல்லாம் வெளுத்தே கிடந்த முதல் வருஷத்தில், இது ஒன்றுதான் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு ஏறி நின்றது. உயிர் வந்துவிட்டது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து கத்தி, உப்புத் தண்ணீர் குடித்து, சாம்சன் அவளை வள்ளத்தில் இழுத்துப்போட்டு முதுகில் தட்டினான். இப்போது அது எலும்பு. பழுப்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

"எம்மா, அத உருட்டாதிய. அது நம்பர் கல்லு, ஒசத்திக் கல்லு" என்றார் லாரி டிரைவர். தூத்துக்குடிக்காரர், பெயர் சுப்பிரமணி. நல்ல மனிதர்தான், பீடியைக்கூடத் திரும்பி நின்று பற்றவைத்தார்.

"நம்பர் கல்லுன்னா?"

"தெரியாதா? கல்லு எடுக்க முந்தி, கல்ல வாங்குத ஏலக்காரரு ஆளு ஒருத்தன் கடல்ல எறங்கிக் கம்பியால தட்டித் தட்டிப் பாப்பான். பொத்தலு, சொத்தையெல்லாம் வுட்டுட்டு, கெட்டிக் கல்லாப் பாத்து ஒரு தகரத்த அடிச்சுட்டு வந்துருவான். பொறவு முங்கி எடுக்க ஆளுவ போவாவ. தகரம் அடிச்ச கல்ல மட்டுந்தான் பேத்து எடுக்கணும். தகரம் இல்லாத கல்லு கொண்டாந்தா கூலி கெடையாது, திருப்பிக் கடல்லயே போடச் சொல்லிருவாவ. எல்லா எடத்துலயும் வெறும் தகரந்தான். இந்தத் தீவுலதான் நம்பரே போட்டு வச்சிருக்கான், யாரோ படிச்ச பய. ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா, ஒண்ணு தவறாம எடுத்தாவ. கல்லுவளும் அப்பிடி! ஒரு சொத்தை கெடையாது."

மஞ்சுளா முப்பத்தாறின் தகட்டை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள்.

சொத்தை எப்படி இருக்கும்? அவள்தான் பொறுக்கி எடுத்தாளே! பிழைக்கக்கூடியது எது, முழுதாக இருப்பது எது என்று நாள்கணக்கில் முங்கி முங்கிப் பார்த்து, நூற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆணி அடித்து, எண்ணும் போட்டுக் கொடுத்தது அவள். பக்கத்திலிருந்த நூற்றுக்கணக்கான பாறைகளை ஒருவரும் தொடவில்லை. அவள் தொட்டதைத்தான் தூக்கிவந்திருக்கிறார்கள். நாற்பதையும் அவள்தான் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

தணிகாசலத்துக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மகள் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், புகைகிற சூளையைப் பார்த்தார்.

"இதையா நீ படிக்கிற? அப்ப உன்னுதையா நான் எரிச்சிகினு இருந்தேன்?"

"உனக்கு எப்படி நைனா தெரியும்?"

அவர் முப்பத்து மூன்றிலிருந்து நாற்பது வரை எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் சுவர் ஓரமாக வைத்தார். அறுபது வயதில் மூச்சு வாங்கியது.

"வுடு நைனா. அது செத்துப் போச்சு."

"செத்தா இன்னா? உன்னுது. இது சூளைக்குள்ள போவாது" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை என்று தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை. கால் மறுபடி பரபரத்தது. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடுக்குப் போன் செய்ய வேண்டும். நாற்பது போனாலும் முப்பத்தைந்து இருக்கிறது. முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு ஆய்வை முடித்துவிடலாம், முடித்தே ஆக வேண்டும்.

கம்பெனி ஆபீசில் போன் இருந்தது. டயலில் ஒரு குட்டிப் பூட்டும் இருந்தது. சாவி முதலாளி வீட்டில். எஸ்.டி.டி. பூத்துக்குப் படப்பைக்குத்தான் போக வேண்டும். தணிகாசலம் எரிகிற சூளையை விட்டு நகர முடியாது. டிரைவரைக் கூப்பிட்டார்.

"யோவ், நீ உப்ப எறக்க மெட்ராசுக்குத்தானே போற? எம்பொண்ணப் படப்பைல எறக்கி வுடு."

லாரி கேபினில் மஞ்சுளா கதவோரம் ஒட்டி உட்கார்ந்தாள். சேரப்பணஞ்சேரி தாண்டுகிற வரை சுப்பிரமணி பேசவில்லை. அப்புறம் அடக்க முடியாமல் கேட்டார்.

"எம்மா, நீங்க ஃபாரஸ்டா? கடல்கல்லு எடுக்கது கேஸுல்லா."

"இல்லங்க. படிக்கிறேன்."

"அப்பச் சரி." அவர் முகம் தெளிந்தது. பேச்சும் திரும்பியது. "நாப்பதோட நம்பர் கல்லு தீந்துபோச்சுன்னு நெனச்சோம். நாப்பத்தொண்ணு எங்கல, நாப்பத்தொண்ணு எங்கலன்னு பயலுவ தேடாத எடமில்ல. நம்பர் போட்டவன் நாப்பதோட நிறுத்துவானா? போன வாரந்தான் கண்டுபுடிச்சாவ. பக்கத்துத் தீவுலயே நிக்கி. நாளைக்கு அமாவாசைல்லா? வத்துத் தண்ணி. விடியக்காலம் முப்பது பேரு எறங்குதாவ. நான் இந்த உப்ப எறக்கிட்டு ஓடணும், புதன்கெழம லோடு எனக்குத்தான்."

மஞ்சுளா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேல் கோபம் வரவில்லை. அவருக்கு அது சுமை. தகட்டைக் குத்திய அந்தப் 'படிச்ச பய' மேல்தான் கோபம் வந்தது, பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே" என்றாள்.

படப்பை பூத்தில் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். ஒருவர் டெல்லிக்கு, ஒருவர் வேலூருக்கு, ஒருவர் சும்மா. அவள் நின்றாள், வெளியே போனாள், உள்ளே வந்தாள். "எம்மா, லைன் உங்களுக்கு மட்டுமா போட்டு வெச்சுக்கீறாங்க?" என்று பூத்துக்காரர் சலித்துக்கொண்டார். மணி பன்னிரண்டரை ஆனது.

கைடு வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். வலது காதில் போனை அழுத்திக்கொண்டாள். இடது காது இரைந்தது.

"முப்பத்தஞ்சு போதும் மஞ்சுளா" என்றார். "நான் கமிட்டிகிட்ட பேசிக்கிறேன். இன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறு. காதைப் பஞ்சு வெச்சு அடைச்சுக்கோ. செவ்வாய்க்கிழமை கணக்கு எடுத்துடு."

"நாளைக்குக் காலைல இறங்கிடறாங்க சார்."

"லாரிக்காரன் சொன்னானா? முப்பது பேர்னு சொல்வான், பத்துப் பேர்தான் வருவான், ஒரு நாள்ல எல்லாத்தையும் எடுத்துட முடியுமா? பதினஞ்சு மிஞ்சினாக்கூட எதையாவது எழுதலாம். தகட்டுல மட்டும் கை வெச்சுடாதே. தகடு போச்சுன்னா உன் மூணு வருஷமும் போச்சு. நான் ஒண்ணும் செய்ய முடியாது. புரியுதா?"

"ஃபாரஸ்டுக்குச் சொன்னா..."

"ஞாயித்துக்கிழமை யார் எடுப்பா? போன வருஷம் நாம எழுதின ரெண்டு லெட்டருக்கே பதில் வரல."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்காக இரண்டு முறை ஸ்காலர்ஷிப் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தவர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. போனை வைத்துவிட்டு மஞ்சுளா அதையே திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். பதினைந்து மிஞ்சலாம். பத்து மிஞ்சலாம். நாளைக்கு அவர்கள் வராமலேகூடப் போகலாம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரலாம், காற்று வீசலாம். ராத்திரி பஸ் ஏறிவிட்டால் போதும். அவள் பாட்டுக்குப் போகலாம், அவர்கள் பாட்டுக்கு எடுக்கலாம், மிஞ்சுவதை அவள் அளக்கலாம். சூட்டைத் தாங்கிப் பிழைத்தவை எத்தனை என்று கேட்டுத்தானே இந்த ஆராய்ச்சி? இவர்களிடமிருந்து தப்பியவை எத்தனை என்று ஒரு அட்டவணை சேர்த்துக்கொண்டால் ஆயிற்று. பட்டம் வந்துவிடும்.

அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் அது போகவில்லை. நெட்டைத்தீவின் முப்பத்தைந்தும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. நாற்பத்தெட்டில் ஒரு சின்ன நண்டு குடியிருந்தது. ஐம்பத்திரண்டு முழுக்கத் தேறிவிட்டது, போன மாதம் பார்த்தாளே. அறுபத்தொன்று பாதி. இரண்டு வருஷம் சூட்டோடு போராடித் தலை தூக்கியவை எல்லாம், அவள் அடித்த ஆணிக்காக நாளைக் காலையில் கடப்பாரைக்குப் போகப் போகின்றன.

"எம்மா, இன்னொரு கால் இருக்குதா, கெளம்பறீங்களா?" என்றார் பூத்துக்காரர்.

"இருக்குது" என்றாள்.

சாம்சன் ஊரில் ஐஸ் கம்பெனியில்தான் போன். நாலு தடவை டயல் செய்தாள். நாலு தடவையும் இந்தப் பாதையில் உள்ள எல்லா இணைப்புகளும் என்று ஒரு பெண்குரல் ஆரம்பித்தது. ஐந்தாவது தடவை மணி அடித்தது. எடுத்தவர், சாம்சன் கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், ஆள் அனுப்புகிறேன், பத்து நிமிஷம் கழித்துப் பேசுங்கள் என்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் மஞ்சுளா படப்பைக் கடைத்தெருவை இரண்டு முறை அளந்துவிட்டாள். எட்டாவது நிமிஷத்திலேயே மறுபடி போட்டாள்.

"டீச்சரா? என்னா டீச்சர், காது எப்பிடியிருக்கு?" சாம்சன் எப்போதும் கத்தித்தான் பேசுவான்; அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

சொன்னாள். கருவேலந்தீவு போய்விட்டது, நாற்பதும் போய்விட்டது, என் அப்பா சூளையில் என்று சொன்னாள். நாம் அடித்த தகட்டைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அந்த நாற்பதில் இருபது ஆணி சாம்சன் அடித்தது.

"முப்பத்தாறு?" என்று கேட்டான்.

"அதுவும்தான்."

"அடப் பாவிகளா" என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை.

"சாம்சன், கேளுங்க. நாளைக்கு விடியக்காலைல நெட்டைத்தீவுல இறங்கறாங்க. முப்பது பேர். தகடு இல்லாத கல்லைத் தொட மாட்டாங்க, கூலி கிடைக்காது. ஏலக்காரன் ஆள் மறுபடி வந்து குறி போடற வரைக்கும் அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க இப்பவே போகணும். இருட்டறதுக்குள்ள எல்லாத் தகட்டையும் பிடுங்கிடணும். ஆணியோட."

"எல்லாத்தையுமா?"

"முப்பத்தஞ்சையும்."

"டீச்சர், ஒண்ணு செய்யட்டா? தகட்ட மட்டும் கழட்டி அந்தந்தக் கல்லுக்கு அடியில மணல்ல பொதச்சு வச்சிர்றேன். அவனுகளுக்கும் தெரியாது, நமக்கும் பொறவு தேடிக்கிறலாம்."

அவளுக்குச் சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது பேர் நாற்பத்தொன்றைத் தேடிக்கொண்டு கம்பியால் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். போன வாரம் பார்த்த தகடு எங்கே போயிற்று என்று மணலைக் கிளறுவார்கள். ஒன்று கிடைத்தால் போதும், எல்லாம் கிடைத்துவிடும்.

"வேணாம். ஒண்ணுகூடக் கடல்ல இருக்கக் கூடாது. கரைக்குக் கொண்டுவந்துடுங்க."

"ஆணியப் புடுங்குனா ஓட்டையும் ரெண்டு நாள்ல பாசி மூடிரும், டீச்சர். பொறவு எந்தக் கல்லு எந்த நம்பருன்னு எனக்கே தெரியாது. நீங்க வந்து பாத்தாலும் தெரியாது." அவன் குரல் இறங்கியது. "அப்ப ஒங்க படிப்பு?"

பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். மஞ்சுளா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"தெரிய வேணாம், சாம்சன்" என்றாள். "யாருக்கும் தெரிய வேணாம். எனக்கும்."